மூக்கு பிடிக்கலையாம்!

"மூக்கு பிடிக்கலையாம்! என் மகன் மூக்கு அவளுக்குப் பிடிக்கலையாம்!"

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற கூட்டத்துக்கு நடுவே அல்போன்சம்மாள் கத்தினாள். எல்லாரும் திரும்பி மரியஅந்தோணியின் மூக்கைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தானே இருக்கு லா!" என்றாள் ரத்தினம்மா.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பேரைச் சொல்லி ஓலை வாசிப்பார் சாமியார். அந்தோணிக்கும் உர்சுலாவுக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இன்று மூன்றாவது. வாசிக்கவில்லை. வியாழக்கிழமையே உர்சுலா, "எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"பத்திரிகை கொடுத்தாச்சு, சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு. இப்ப வந்து மூக்காம், மூக்கு!"

"வேற எவனாச்சும் இருப்பான்" என்றாள் ரத்தினம்மா. "டைப்பிஸ்ட் வேலைக்குப் போற பொண்ணு. லிப்ஸ்டிக் வேற."

கொஞ்சம் தள்ளி, மாதா சிலை இருந்த கெபி முன்னால் உர்சுலா மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருக்காது. ஆனால் திரும்பவில்லை.

அந்தோணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

வியாழக்கிழமை அந்தச் செய்தி வந்ததும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொன்னவன் அவன். உண்மையை அவனே உர்சுலாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகவே முன்பு ஒரு நாள் அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப் போனான். கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தான், கதாநாயகியின் சேலையைப் பற்றிப் பேசினான், பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினான். சொல்ல வேண்டியது மட்டும் வாயில் வரவில்லை.

நேற்றுச் சாயந்திரம் சமூக நிலையத்தில் பேட்மிண்டன் ஆடிவிட்டுத் தனசேகரனோடு கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது, "தப்பிச்சோம்டா" என்று சிரித்தான்.

தனசேகரன் சிரிக்கவில்லை.

"நீ தப்பிச்சே. அவ?"

"நான் என்னடா செய்ய முடியும்?"

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து அரசாங்கத்துகிட்ட ஒரு வீடு கேக்க முடியல, மத்தவங்க மாதிரி ஒண்ணா மார்க்கெட் போய் மீன் வாங்க முடியல, அநியாயம் அநியாயம்னு தினம் என்கிட்ட அழுவுற. அந்தப் பொண்ணுக்கு நடக்குறது மட்டும் நியாயமா?"

அந்தோணி பாதித் தே தாரிக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

இப்போது ரத்தினம்மா மறுபடி ஆரம்பித்தாள். "அவளுக்கு ஒரு தங்கச்சி வேற இருக்கு. இந்தக் குடும்பத்துல இனிமே எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"போதும்மா!"

தன் குரல்தானா என்று அந்தோணிக்கே சந்தேகம்.

"நீ சும்மா இருடா" என்றாள் அல்போன்சம்மாள்.

"உர்சுலா மேல தப்பில்ல. எனக்குத்தான் இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல. வேண்டாம்னு சொல்லச் சொன்னது நான். மூக்கும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்."



"அடப் பாவி!" என்றாள் ரத்தினம்மா. "ஒரு பொண்ணு பேரைக் கெடுத்துட்டு, கல்லு மாதிரி நின்னுக்கிட்டிருந்தியா?"

அத்தனை பேர் கண்ணும் அவன் மேல். உர்சுலா இப்போதுதான் திரும்பினாள். நன்றியோடு பார்ப்பாள் என்று நினைத்தான். அவளோ காரியத்தைக் கெடுத்துவிட்டாயே என்பதுபோல் தலையில் அடித்துக்கொண்டாள்.

அல்போன்சம்மாள் மகன் கையைப் பிடித்துத் தரதரவென்று பஸ் நிறுத்தத்துக்கு இழுத்துப் போனாள்.

"என்னடா பண்ணி வச்சிருக்கே? ஏன் இஷ்டமில்லைன்னு இனிமே ஒவ்வொருத்தியும் வந்து கேப்பாளே. தனசேகரனைப் பத்தி என்னன்னு சொல்லுவே?"

அந்தோணி சட்டென்று கையை உருவிக்கொண்டான்.

"தனாவை... உனக்கு எப்படிம்மா..."

"அவன் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீ சோறு தண்ணி இல்லாம கிடந்தியே! நான் உன்னைப் பெத்துக் கிடந்தப்ப உங்கப்பா நாசி லெமாக் சாப்பிட்டு, பல்லுக் குத்திக்கிட்டுத்தான் வந்தார். எனக்குத் தெரியாதாடா?"

அவனால் தலை நிமிர முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தெரிஞ்சுமாம்மா அவளை அப்படித் திட்டினே?"

"திட்டும்போது எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அங்க சொன்னது பொய்ம்மா. அவகிட்ட நான் ஒண்ணுமே சொல்லல. எனக்குத் தைரியம் வரல. அவளாத்தான் வேண்டாம்னா."

"அவளா சொல்லலடா."

"பின்னே?"

"தடை இருக்குன்னு தெரிஞ்சும் மறைச்சா பாவம்னு ஓலை வாசிக்கிறப்ப சாமியார் சொல்றாரில்ல? ரெண்டாந்தடவை அதைக் கேட்டப்புறம் எனக்குத் தூக்கமே வரல. சாமியார்கிட்ட போனா உன் மானம் போகும். பேசாம இருந்தா அந்தப் பொண்ணு வாழ்க்கை போகும். புதன்கிழமை அவ வீட்டுக்கே போய் அவகிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

பஸ் வந்தது, நின்றது, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"அவ... என்னம்மா சொன்னா?"

"அழுதா. அப்புறம் மூஞ்சி கழுவிட்டு வந்தா. 'வேண்டாம்னு நானே சொல்லிடறேன் அத்தை. நீங்க கோயில்ல எல்லாரும் கேக்குற மாதிரி என்னை நல்லாத் திட்டுங்க. அப்பத்தான் அவரை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க'ன்னு சொன்னாடா."