மேல் துளைக்கு ஒரு விரல் கீழே

நல்லாயிருக்கிற சீட்டுக்கு எதற்குப் புது உறை? அதுதான் நிசார் அகமதுவுக்குப் பிடிபடவில்லை.

பென்னாகரம் ரோட்டில் சீட் கவர் தைக்கிற கடை அவருடையது. லாரி சீட், பஸ் சீட், புல்லட் சீட் என்று அவர் ஊசி ஏறாத சீட் அந்தப் பக்கம் கிடையாது. குழந்தையை வாரால் கட்டி உட்கார வைக்கிற கார் சீட்டை மட்டும் இன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்க்கிறார்.

அதுவும் காரில் இல்லை, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில். பின்னால் காலித் தக்காளிப் பெட்டிகள். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இந்தச் சீட். அதில் பாப்பா தன்யஸ்ரீ.

வண்டியை ஓட்டி வந்த அன்பரசிதான் பாப்பாவின் அம்மா. விடியுமுன்னே பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றினால், இண்டூர், பாப்பாரப்பட்டி என்று இறக்கிவிட்டு வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். புருஷன் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளும் இல்லை. பாப்பாவும் கூடவே சுற்றும்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணுங்க பாய். எதையும் கழட்ட வேணாம், மேலயே போட்டுக் குடுத்தாப் போதும்," என்றாள்.

கழற்றாமல் உறை போடுவதா? சும்மா இருந்த மனுஷனைக் கிளப்பிவிட்டாள். எதைக் கண்டாலும் நோண்டணும் உங்களுக்கு என்று அவர் மனைவி அஃப்சானா திட்டாத நாளில்லை. திட்டினால் மட்டும் கை சும்மா இருக்குமா?

முதலில் பாப்பாவைப் பார்த்தார். கால் இரண்டும் சீட்டைத் தாண்டி நீளமாகத் தொங்கின. கவுன் முட்டிக்கு மேலே ஏறியிருந்தது. செருப்பில் கட்டைவிரல் வெளியே வந்துவிட்டது. ஆக, பிள்ளை நன்றாகத்தான் வளர்கிறது.

சீட்டின் பக்கவாட்டில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வார் நுழைகிற மேல் துளைக்குக் கீழே தோள் இருந்தால் டிக். தோள் துளையைத் தாண்டினால் பெருக்கல் குறி. அப்புறம் அந்தச் சீட் பிள்ளைக்குப் பத்தாது. ஓகோ, இப்படித்தான் பார்க்கணுமா என்று அவருக்கே உற்சாகமாகிவிட்டது.

பாப்பாவின் தோள் மேல் துளைக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

கால் வளர்ந்திருக்கிறது, தோள் மட்டும் ஏறவில்லையா? அதெப்படி?

பாப்பாவை இறக்கி நிற்க வைத்தார். அன்பரசி "வேணாங்க பாய்" என்று பதறுவதற்குள் பழைய உறையைக் கழற்றியும்விட்டார்.

உள்ளே ஃபோமைக் காணோம். உட்காருகிற இடத்தில் இருக்க வேண்டியதைக் கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள். வெறும் பிளாஸ்டிக் பள்ளத்தில்தான் பிள்ளை இத்தனை நாளும் உட்கார்ந்து வந்திருக்கிறது.

யார் வேலை இது என்று கேட்க வாயெடுத்தவர், அன்பரசியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் மறைக்கவில்லை. சீட்டைக் கொடுத்தது கிருஷ்ணகிரியில் இருக்கிற அவள் அண்ணன் மாதவராஜ். தன் மகன் உட்கார்ந்ததைக் கொண்டுவந்து இந்த வண்டியில் தன் கையாலேயே கட்டிவிட்டு, ஒரு பேச்சும் பேசி வைத்துவிட்டுப் போனார். சீட் பத்துகிற வரைக்கும் பாப்பா அம்மாவோடு சுற்றலாம். பத்தாமல் போன அன்றைக்கு மாமன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். வந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையை உட்கார வைத்துப் பார்ப்பார். பிள்ளையின் தோள் இறங்கட்டும் என்றுதான் ஃபோமை அறுத்தாள், அந்தப் பள்ளம் அண்ணன் கண்ணில் படாமலிருக்கத்தான் புது உறை.

"எங்கண்ணன் தங்கமான மனுசன்தானுங்க. ஆனா பாப்பா இல்லாத வண்டிய நான் எப்பிடிங்க ஓட்டுவேன்?" என்றாள்.

நிசாருக்கு அது புரிந்தது. ஆனாலும் வெறும் பிளாஸ்டிக்கில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் திடீரென்று பிரேக் அடித்தால் என்ன ஆகும்? அதில் மட்டும் அவர் மசியவில்லை. புது ஃபோமை வெட்டி வைத்து, பழைய உறையையே மாட்டினார்.

இனித் தோள் துளையைத் தாண்டத்தான் போகிறது. அன்பரசிக்கும் தெரியும். பார்க்க மாட்டாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாப்பாவைத் தூக்கி உட்கார வைத்து வாரை மாட்டினார்.

தோள் மேல் துளைக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

யா அல்லா! வைத்த ஃபோம் எங்கே போயிற்று? குனிந்து பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். ஃபோம் இருக்கிறது. தோள்தான் ஏறவில்லை.

அன்பரசி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "பாய், பத்துதுங்க! இன்னும் பத்துதுங்க!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லாரிக்காரன் ஏர் ஹாரனை அலறவிட்டான்.

பாப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தது.

தோள் துளையைத் தாண்டி மேலே போய் நின்றது.

ஒரு நொடிதான். அம்மா பார்த்துவிட்டாளா என்று கண்ணை மட்டும் ஓட்டியது. பிறகு இடுப்பை முன்னால் நழுவவிட்டு, முதுகை வளைத்து, தோளைச் சுருக்கி, பழையபடியே உட்கார்ந்துகொண்டது. நெடுநாள் பழகிய வேலை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

நிசாருக்குத் தன் கை மேலேயே ஆத்திரம் வந்தது. நோண்டாமல் இருந்திருக்கக் கூடாதா?

அன்பரசி வண்டிக்குள் எட்டி, கொக்கியை அமுக்கி வாரைக் கழற்றினாள்.

"நிமிந்து உக்காரு சாமி. அம்மா பாத்துட்டேன்," என்றாள்.

வார் கழன்ற பிறகும் பாப்பா நிமிரவில்லை.