ஜாக்கெட்

உடைமாற்றும் அறையில் பியர் மழையாகக் கொட்டுகிறது. பேஸ்பால் ஆட்டத்தின் கடைசிப் பந்துகளை வீசி வெற்றியைக் காப்பாற்றும் பொறுப்பு இன்றுதான் வேடுக்கு வந்தது, காப்பாற்றிவிட்டான். இதுவரை அதைச் செய்த ஒகெண்டோவுக்குப் போன வாரம் வீசும்போதே முழங்கைத் தசைநார் கிழிந்துபோனது. வலது கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்க, ஒகெண்டோ வழக்கப்படி வெற்றிப் பந்தில் தேதி எழுதுகிறான். இடக்கை எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பந்து உருளாமல் வேட் பிடித்துக்கொள்கிறான். "நல்லா போட்டடா." "நீ சீக்கிரம் வந்துடு." ஒகெண்டோ பேனாவை மூடுகிறான். "அன்னிக்குக் கையப் பிடிச்சிட்டுக் குனிஞ்சப்ப மாத்து வீச்சாளருங்க நீங்க உக்காந்திருந்த பெஞ்சத்தான் பார்த்தேன். கோச் கூப்பிடறதுக்கு முன்னாடியே, வீச வர்றதுக்கு நீ ஜாக்கெட்டக் கழட்டிட்ட." மை காயாத பந்தை வேடின் கையில் வைக்கிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். வேட் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொள்கிறான்.