மணலில் ஒற்றைத் தோடு

வெண்ணந்தூரின் உச்சி வெயில் ஓலைக் கூரையின் இடுக்குகளில் நுழைந்து, கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அர்த்தநாரியின் மடியில் புள்ளி புள்ளியாக விழுகிறது. மடியில் சீமெண்ணெய்த் தகரம். அதை வாயகன்ற சட்டியாக வளைத்து மூங்கில் பிடி செருகியாயிற்று. இப்போது அடியில் ஆணி வைத்து ஓட்டை போடுகிறார். அவர் சுத்தியலை நிறுத்தினால் வீட்டில் வேறு சத்தமில்லை. பக்கத்து வீட்டு அங்கம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள்.

"ஏனுங்கண்ணா, என்ன செய்யறீங்க?"

"மணல் அரிக்கறதுக்கு அம்மிணி. ஆத்துல தண்ணி வத்திருச்சாம். பாவாயி தோட்டைத் தேடலாம்னு."

போன ஆடி நோம்பிக்கு மோகனூர் ஆற்று மணலில் அவர் மனைவி தொலைத்த தோடு. படுக்கையில் கிடந்தபோதும் அதையே கேட்டாள். மாசியில் அவளும் போய்விட்டாள்.

"வெள்ளமே வந்து போயிருச்சுங்களே. இன்னுமா அங்கயே கெடக்கும்?"

"பாக்கலாம் அம்மிணி."

அங்கம்மாள் வேலியை விட்டுப் போகிறாள். அவர் வேட்டி முடிச்சை அவிழ்த்து, மிஞ்சியிருக்கும் ஒற்றைத் தோட்டை எடுத்து, மூலையில் குவித்திருக்கும் மணலில் புதைக்கிறார். சட்டியால் அள்ளி ஆட்டுகிறார். மணல் சரசரவென்று இறங்கிப்போக, தோடு மட்டும் தகரத்தில் கிண்ணென்று ஒலித்துத் தங்குகிறது. ஓட்டை அளவு சரிதான்.

"கெடைச்சிருச்சு, பாவாயி" என்கிறார்.

வேலை முடிந்தது, எழுந்திருக்கலாம். அவர் எழவில்லை. தோட்டை மறுபடியும் மணலில் போட்டு, இடம் தெரிந்துவிடாதபடி கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கலைக்கிறார்.