மூன்று லிட்டர்

சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் என் தம்பி ஜோஸைப் பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி. வேலை நேரத்தில் துரை ஊர் சுற்றுகிறார்.

நாலு ஞாயிறாகப் பொன்மலை வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவன். ஸ்ரீரங்கத்தில் அவன் அறையிலேயே போய்ப் பிடிக்கலாம் என்றுதான் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். வழியிலேயே மாட்டினான்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தம்பி திருதிருவென்று விழித்தான்.

மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை. உதடு வெடித்துக் கிடந்தது. கையில் தண்ணீர் பாட்டில் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜோஸுக்குப் பிறவியிலேயே ரத்தக் கோளாறு. சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும் சிக்கிள் செல் நோய். இருபத்து நாலு வயதில் அவனுடைய இரண்டு கிட்னியையும் அது தின்று தீர்த்தது. மூன்று வருடம் டயாலிசிஸ். அப்புறம் என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன்.

இந்த ரத்தத்தில் புதுக் கிட்னி எத்தனை வருடம் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் டயாலிசிஸிலேயே கிடப்பதற்கு இது மேல் என்றார் டாக்டர். மாத்திரை தவறக் கூடாது, உடம்பு வறளக் கூடாது, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தவர்கள், ஒற்றைக் கிட்னியோடு எப்படிப் பிள்ளை பெறுவாள் என்று கேட்டுவிட்டு அத்தோடு சரி. போகட்டும். ஆனால் கொடுத்ததைப் பாழாக்கினால் நான் சும்மா விடுகிற ஜாதி இல்லை.

என் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"குடி."

"தாகமில்லக்கா."

"தாகத்தையா கேட்டேன்? உள்ள இருக்கறது என்னுது. குடிடா."

வாங்கி, உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மூடியைத் திருகினான்.

நன்றி கெட்டவனே என்றேன். உனக்குக் கொடுத்ததை ஒரு நாய்க்குக் கொடுத்திருந்தால் வாலையாவது ஆட்டியிருக்கும் என்றேன். கோபத்தில் வாய் தவறிச் சொன்னது இல்லை. மனதாரத்தான் சொன்னேன். முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஜோஸ் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசுகிறவளின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டானாமா? கையைப் பிடித்து இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தான். சட்டைக் கை மேலேறியது.

முன்னங்கையில் இரண்டு பிளாஸ்திரி, நாலு விரல் இடைவெளியில். கீழே இருந்ததில் ரத்தம் இன்னும் காயவில்லை.

மூன்று வருடம் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள் நான். ஒரே கையில் இரண்டு ஊசி எதற்குக் குத்துவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டயாலிசிஸில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் அளந்துதான். கூடுதலாகக் குடித்தால் வெளியே போக வழியில்லாமல் நுரையீரலில் போய்த் தேங்கும்.

"எப்பலேருந்துடா?"

"ஈஸ்டருக்கு முன்னாடிலேருந்து."

போன வாரம்கூட, ரிப்போர்ட் நார்மல் என்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"நீ தண்ணி குடி, தண்ணி குடின்னு திட்டுற வரைக்கும், நீ குடுத்தது இன்னும் உள்ள ஓடிட்டிருக்கற மாதிரியே இருந்துச்சுக்கா."



பூக்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா இவ்வளவு சொல்றாங்கல்ல, ரெண்டு மடக்கு குடிச்சாத்தான் என்ன தம்பி?"

"அவன் குடிக்கக் கூடாதுங்க!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "நீங்க திரும்பி உக்காந்து உங்க வேலையப் பாருங்க."