ட்ராகன் ஆமை

"நாளைக்கு நான் ஜெயிச்சிருவேன்ம்மா. எப்படியாவது அதைத் தடுத்து நிறுத்தணும்."

உதவி மையத்துப் பெண் காதில் இருந்த ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். கைப்பேசி விளையாட்டு நிறுவனத்தில் அவளுக்கு இது மூன்றாவது வருடம். தோற்றவர்கள் கூப்பிட்டு வறுத்தெடுப்பார்கள். ஜெயிக்க விடாதே என்று கெஞ்சி இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"புரியலை சார். கொஞ்சம் விவரமா சொல்லுங்க."

"நான் மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன்ம்மா. உங்க போர் விளையாட்டை என் மகளோட ஆடறேன். ஒரு நாளைக்கு அவ ஒரு தடவை நகர்த்துவா, நான் ஒரு தடவை. இப்போ இருபத்தொன்பது நாளா அவ ஆடலை. முப்பது நாள் ஆச்சுன்னா, காத்திருக்கிற ஆள் ஜெயிச்சதா சொல்லி ஆட்டத்தை மூடிருவீங்களாமே?"

"ஆமா சார், விதி அதுதான்." அவள் தயங்கினாள். "உங்க மக... இப்போ இல்லையா சார்?"

"ஐயையோ, அப்படிச் சொல்லாதேம்மா! எங்கேயோ வெளியூர்ல நல்லா இருக்கா. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தைதான் இல்லை. அவளா பார்த்துப் பண்ணிக்கிட்ட கல்யாணம். நான் போகலை. வீம்பு, வேறென்ன? ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. அவ நம்பர்கூட என்கிட்ட இல்லை."

"அப்புறம் ஆட்டம் எப்படி சார்?"

"போன வருஷம் ஒருநாள் ஆட வரச் சொல்லி இந்த விளையாட்டுக்குள்ளேயே அவ பேர்ல அழைப்பு வந்துச்சு. கூட ஒரு வார்த்தை எழுதலை. நானும் எழுதலை. ஆனா தினமும் காலையில அவ நகர்த்தியிருப்பா. அதைப் பார்த்துட்டுத்தான் கடையைத் திறப்பேன். இது மூடிருச்சுன்னா, என் பொண்ணு இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சுக்கக்கூட வேற வழி இல்லைம்மா."

குரல் கம்மிவிட்டது. அவள் விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் சார், உங்க ஆட்டத்தைத் திறந்து பார்க்கிறேன். கடைசியா அவங்க எதை நகர்த்தினாங்க?"

"போன மாசம் புதுசா விட்டீங்களே, சீனப் புராணத்துல வர்ற மிருகம். ட்ராகன் தலை, ஆமை உடம்பு. நிலத்துலயும் நடக்கும், தண்ணியிலயும் நீந்தும்னு போட்டிருந்தீங்க. அதை ஆத்தங்கரை வரைக்கும் கொண்டு வந்து நிறுத்தினா. மறுநாள் காலையில பார்த்தா அதைக் காணோம். என்மேல இருக்கிற கோபத்துல எடுத்துட்டுப் போயிட்டா. அதோட சரி."

அவள் திரையில் நகர்வுப் பட்டியலைப் பார்த்தாள். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், யாரும் எதையும் எடுக்கலை. அது தண்ணிக்குள்ள இறங்கினா எதிர்ல ஆடறவங்க கண்ணுக்குத் தெரியாது. உங்க கோட்டை வாசல்கிட்டயே ஆத்துக்குள்ளதான் இருக்கு. அவங்க அன்னிக்கே ஆடிட்டாங்க. இப்போ ஆட வேண்டியது நீங்கதான் சார். மூலையில சின்னதா 'உங்கள் முறை'ன்னு இருக்கும் பாருங்க."

மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் கேட்டது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறேன், இந்தப் பொடி எழுத்தை நான் பார்க்கலையே! கழுதை, என் வாசல்லயே வந்து உக்காந்திருக்காளா? இத்தனை நாளா காத்துக்கிட்டு இருக்காளா? இரும்மா, இப்பவே ஆடிடறேன்."

ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம்தான் கணக்கு. பத்தைத் தாண்டிவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும் என்று அவள் சிரித்தபடி காத்திருந்தாள்.

"நகர மாட்டேங்குதேம்மா. நானும் அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன்."

"இருங்க சார், என்னன்னு பார்க்கிறேன்."

அவள் மகளின் கணக்கைத் திறந்தாள்.

"என்னம்மா, இப்பவாவது போச்சா? அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அந்தக் கணக்கு இன்று காலை ஒன்பது மணிக்கு நிரந்தரமாக மூடப்பட்டிருந்தது. காரணம் கேட்டிருந்த கட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'அப்பா இன்னும் என்னை மன்னிக்கவில்லை.'