இன்னொரு டேக்

‘பாலிலை நஞ்சைக் கலந்தது நான்தான்.’ இந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனால் மத்தியானத்துக்கு மீன்கறி வைத்துவிடலாம் என்ற நினைப்போடுதான் றெஜினா கோயிலின் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் முழந்தாளிட்டாள்.

குருநகரில் ஜெயசுதன் எடுக்கும் துப்பறியும் படத்தில் அவள்தான் கொலைகாரி. பாவ அறிக்கை கேட்கும் அந்த மரக்கூண்டுக்குள் நடிகர் எவரும் இருக்கக்கூடாது என்று சொல்லி, பங்குத்தந்தை தானே உள்ளே அமர்ந்திருந்தார்.

“கட்! என்ன அழுகை றெஜினாக்கா! கிளிசரினும் போடேல்லை!” என்று ஜெயசுதன் துள்ளினான். ஒலிப்பதிவு செய்பவன் வந்து காதில் ஏதோ சொன்னதும் ஜெயசுதனின் முகம் தொங்கிப்போனது.

“மைக் வேலை செய்யேல்லையாம். இன்னொருக்கா எடுப்பம். ஃபாதர், உங்களைத் தலையை மட்டும் ஆட்டச் சொன்னனான். ஏன் கையைத் தூக்கி ஆசீர்வதிச்சனீங்கள்?”

பங்குத்தந்தை சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

“அக்கா வசனத்தைச் சரியாத்தானே சொன்னவா?”

“பாவசங்கீர்த்தனத்திலை கேட்டதை நான் சொல்லேலாது, தம்பி.”

“ஐயோ ஃபாதர், இது படம்!”

நஞ்சைப் பற்றி றெஜினா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முழந்தாளிட்டதும் வாயில் வந்தது வேறு. “கடைசி நாள் மாமி தண்ணி கேட்டவா, ஃபாதர். கோவத்திலை கேளாத மாதிரி இருந்திட்டன். போய்ப் பாக்கேக்கை மூச்சில்லை.” பதினொரு வருடமாக அவள் எவரிடமும் சொல்லாதது அது.

“இந்தச் சீன் இல்லாட்டிப் படமே இல்லையக்கா. அதே மாதிரி ஒருக்கா அழுங்கோ.”

றெஜினா முக்காட்டை எடுத்து மடித்தாள்.

“வேறை ஆரையும் பிடியுங்கோ, தம்பி. எனக்கு இனி அந்த அழுகை வராது.”