அடிப்படிக் கட்டை

கொலுவின் அடிப்படியைத் தாங்குகிற இரண்டு கட்டைகளையும் காணோம்.

ராஜலக்ஷ்மிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போன வருஷம் மாமியார் காலமானதால் வீட்டில் கொலுவே வைக்கவில்லை. பொம்மைகளெல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. இந்த வருஷமாவது ஜோராக வைக்க வேண்டும் என்று ஆடி மாசத்திலிருந்தே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மஹாளய அமாவாசை. சாயங்காலத்துக்குள் படி கட்டியாக வேண்டும்.

பாலிகஞ்ச்சில் பழைய வீடு ஒன்றின் மாடியில் அவளும் கணவர் மஹாதேவனும். கீழ்ப் போர்ஷனில் ரஞ்சன், கடைகளுக்குக் கேக்கும் பன்னும் சப்ளை செய்கிற பெங்காலி. கராஜ் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு பக்கம் ரஞ்சனின் மூணு சக்கர வேன் நிற்கும். மூலையில் ராஜலக்ஷ்மியின் கொலுச் சாமான்கள் இருக்கும்.

அதுவும் சாதாரணக் கட்டைகளா? கிடர்பூர் துறைமுகத்தில் மஹாதேவன் வேலையில் இருந்தபோது ஏலத்தில் எடுத்த சால் மரம். யானை ஏறினாலும் அசையாது. குங்குமம் இட்டு, பழைய வேஷ்டியில் சுற்றி வைத்திருந்தாள்.

விடுவிடுவென்று கராஜுக்கு இறங்கினாள். மஹாதேவன் ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் பின்னாலேயே ஓடி வந்தார். காலையில் தர்ப்பணத்துக்குத்தான் குளித்தாயிற்றே, எதற்கு மறுபடியும் ஒரு குளியல் என்று கேட்டதற்கு, ஒரே புழுக்கம் என்று சொல்லியிருந்தார்.

கராஜில் ரஞ்சனின் வேன் பின்பக்கம் தூக்கி நின்றது. ஜாக் ஒரு ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. வேனைத் தாங்கிக்கொண்டிருந்தவை சாட்சாத் அவளுடைய கொலுக் கட்டைகள். சுற்றியிருந்த வேஷ்டி விலகி, குங்குமத்தின் மேல் கறுப்பு ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? பெங்காலியில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அம்பாள் உட்காருகிற கட்டை உனக்கு வண்டி முட்டுக் கொடுக்கவா என்றாள். கேட்காமல் எடுத்தால் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர் என்றாள். எதிர் வீட்டுக்காரர்கள் கேட்டருகே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ரஞ்சன் மஹாதேவனை ஒரு தரம் பார்த்தான். மஹாதேவன் சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்தார்.

"தப்புதான் பௌதி," என்றான் ரஞ்சன். அவளை அண்ணி ஸ்தானத்தில் வைத்து அப்படித்தான் கூப்பிடுவான்; மஹாதேவன் அவனுக்குத் தாதா, அதாவது அண்ணா. "கேட்காம எடுத்துட்டேன்."

"ஏன்னா, நீங்க ஏன் வாயை மூடிண்டு நிக்கறேள்?" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "ஜாக்கை நம்பாதே, முட்டு வைன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பேளே. வேற கட்டை கிடைக்கலையான்னு கேளுங்கோ."

மஹாதேவன் துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். முட்டுக் கொடுக்காமல் எவனாவது வண்டிக்கு அடியில் தலையை விட்டால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் இப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டதோடு சரி. உடம்பெல்லாம் கூசியது அவருக்கு. பெண்டாட்டி தெருவுக்கே கேட்கும்படி கத்தினால் எந்த ஆம்பிளைக்குத்தான் கூசாது!

சற்று நேரத்தில் ரஞ்சன் வேனை இறக்கிவிட்டு, கட்டைகளைத் துடைத்து மாடிக்கே கொண்டுவந்தான். ராஜலக்ஷ்மி கையில் வாங்கவில்லை. வாசலிலேயே வை என்றாள். அவன் தலை குனிந்தபடி படியிறங்கினான். அவன் மனைவியை இந்த வருஷம் வெற்றிலை பாக்குக்குக் கூப்பிடப் போவதில்லை என்று அவன் காதில் விழும்படியே சொன்னாள்.

பிறகு கட்டைகளோடு மல்லுக்கு நின்றாள். சோப்புப் போட்டாள். புளி போட்டாள். சீயக்காய் போட்டாள். கறை போவேனா என்றது.

"இதுல அம்பாளை வைக்க எனக்கு மனசு வரலை. குப்பை வண்டில போட்டுட்டு வாங்கோ," என்றாள்.

மஹாதேவன் ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்து, ஆயில் கறையோடு அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? வேஷ்டியெல்லாம் கறை."

"அவன் திருடலை, ராஜி."

"பின்னே?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"ஆயில் ஒழுகறதுன்னான். ஒர்க்ஷாப் எதுக்கு, நான் பார்க்கறேன்னு கீழே படுத்தேன். முட்டு வைக்கலாம் தாதான்னு அவன் சொன்னான். ஒரு நிமிஷ வேலை, எனக்கே சொல்லித் தரியான்னேன். ஜாக் சரிஞ்சுடுத்து. அவன் வண்டியைத் தோள்ல தாங்கிண்டு, காலுக்கு எட்டின இந்தக் கட்டை மூட்டையை உள்ளே தள்ளினான்."

ராஜலக்ஷ்மி கையிலிருந்த தேங்காய் நார் கீழே விழுந்தது.

"வெளியில தெரிஞ்சா மானம் போயிடும், பௌதிகிட்ட சொல்லாதேன்னு அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அத்தனை பேர் முன்னாடி நீ அவனைத் திருடன்னே. அப்பவும் வெக்கங்கெட்டுப் போய் நின்னுண்டிருந்தேன்."

மஹாதேவன் கட்டையை அவள் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தார்.

"அப்போ இது மட்டும் அங்கே இல்லேன்னா, இந்த வருஷமும் நம்மாத்துல கொலு கிடையாது, ராஜி."